சுலோச்சனா திருத்தாத பதில்

சுலோச்சனா இறந்த செய்தி வந்தபோது நான் திருச்சானூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், இரண்டு யாத்திரைக் குடும்பங்களுக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். அவள் மகள் தமயந்திதான் போன் செய்தாள். "அத்தே, அம்மா பூட்டாங்க" என்றாள். சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தவள்தான். எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் நான் அழுத அழுகையைப் பார்த்து, பக்கத்திலிருந்த அம்மாள் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் நம் பழைய சர்வே குழுவின் வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லோருக்கும் முந்திக்கொண்டு அஞ்சலி எழுதியிருந்தவர் நம் பழைய ஒருங்கிணைப்பாளர் ஐயா. "அர்ப்பணிப்பும் துல்லியமும் மிக்க பணியாளர். நம் அனைவருக்கும் முன்மாதிரி" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை நின்றுபோய் உடம்பு எரிய ஆரம்பித்தது. சுலோச்சனாவை வேலையை விட்டுத் துரத்தியவர் இவர்தான். துல்லியமாக எழுதினாள் என்பதற்காகத்தான் துரத்தினார். செத்த பிறகு அந்தச் சொல்லையே எடுத்து அவளுக்கு மாலையாகப் போடுகிற துணிச்சல் இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளோடு ஜீப்பில் புழுதி தின்ற உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவளை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுலோச்சனா நகரி பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். தெலுங்கில் படித்தாள், தமிழில் திட்டினாள். அவளும் நானும் ஒரே வயது. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு, உடம்புக் கோளாறு எல்லாம் கேட்டு எழுதும் ஒப்பந்த வேலையில் ஒரே நாளில் சேர்ந்தோம். அடக்கமான பெண் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள். அவள் வாய்க்கு பாகாலா ஸ்டேஷனில் ரயிலே ஒதுங்கி நிற்கும். "நான் கேட்டா சொல்லாத பொம்பள இன்னும் பொறக்கலமே" என்று மார்தட்டிக்கொள்வாள். எரிச்சலாக இருக்கும். ஆனால் அது உண்மை.

இந்தக் கேள்விகளைப் பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவருக்கு மாமியார் இல்லை போலிருக்கிறது. எந்த வீட்டிலும் மருமகளை நாம் உட்காரவைத்த அடுத்த நிமிடம் மாமியார் முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதற்கு சுலோச்சனா கண்டுபிடித்த வழிதான் நம் குழுவில் பேர்போன மாமியார் பேட்டி. "அம்மா, பெரியவங்களுக்குன்னு தனியா கேள்வி கீது, அரசாங்கம் உங்களத்தான் மொதல்ல கேக்கச் சொல்லிச்சி" என்று பவ்யமாகச் சொல்வாள். நான் மாமியாரை அழைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு முழங்கால் வலியிலிருந்து ஆரம்பிப்பேன். தங்கள் முழங்காலைப் பற்றி முதல்முறையாக ஒரு ஆள் கேட்டதில் சில பேர் அழுதே விட்டார்கள். உள்ளே சுலோச்சனா மருமகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருப்பாள். சித்தூர் மாவட்டத்து முழங்கால்களைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

டிவியில் அந்த அவசர கர்ப்பத்தடை மாத்திரையின் விளம்பரம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைத்தது. ஊரில் அதற்கு டிவி மாத்திரை என்று பெயர். எங்கள் கேள்வித்தாளிலும் அதைப் பற்றிப் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது, பாடப்புத்தகத் தெலுங்கில், மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமாக. வாசித்தால் பெண்கள் "லேது", அதாவது இல்லை, என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். சுலோச்சனா தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பாள்: "ஊட்டுக்காரரோட இருந்த பிற்பாடு, கரு நின்னுடக் கூடாதுன்னு, மூணு நாளுக்குள்ள டிவில காட்டறானே அந்த மாத்திரைய எப்பனா போட்டுக்கினியா?" அவளுக்கு மட்டும் "ஆமாம்" என்று பதில் வந்தது.

மற்றவர்களுக்கு வரவில்லை. புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, அந்த டிவி மாத்திரை எப்படி விற்கிறது என்று சுலோச்சனா விசாரித்தாள். "வைக்கறதுக்கு முன்னாடி போய்க்கினு கீதும்மா" என்றார் கடைக்காரர். சுலோச்சனா வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ம பசங்க எழுதினது பாத்தா ஒருத்தியும் போடல. அப்போ இவன் யாருக்குமே விக்கறான்? திருமல ஏறிப் போற வழியில கொரங்குக்கா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்படி அவளிடம் "ஆமாம்" சொன்ன ஒருத்தியைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். புருஷன் குவைத்தில் ஓட்டுநர். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவான். ஒரு பெண் குழந்தை. வீடு பாதி கட்டி நின்றிருந்தது. வீடு முடியும்வரை இன்னொன்று வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மாமியாருக்கோ உடனே பேரன் வேண்டும். பதினோரு மாதம் தனியாக இருப்பவள் தினமும் மாத்திரை விழுங்குவாளா? அதனால் அந்த ஒரு மாதத்தில் தேவைப்பட்டபோது புருஷனே திருப்பதியில் வாங்கிவந்து கொடுத்த டிவி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். எவ்வளவு யோசித்து நடந்த காரியம் பாருங்கள். நான் வெளியே மாமியாரின் வலது முழங்காலில் இருந்தபோது அவள் இதையெல்லாம் சுலோச்சனாவிடம் சொன்னாள்.

ஜீப்பில் ஏறியதும் சுலோச்சனா பொரிந்து தள்ளினாள். "கேள்வித்தாள்ல, இப்போ என்ன தடுப்பு முறைன்னு கேக்கறான். இப்போ ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. புருஷன் குவைத்துல கீறான், இப்போ எதுக்கு? மழ இல்லாத அன்னிக்கு வந்து, கையில கொடை கீதான்னு பாத்துட்டு, இந்த ஊர்ல கொடையே இல்லன்னு எழுதிக்கினு போறாப்பல கீது." குவைத்துக்குப் புருஷனை அனுப்பிவிட்டு இருந்த வீடுகள் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் இதே மாதிரி சமாளிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் அதுதான் இந்த சர்வேயிலேயே பெரிய விஷயம் என்றாள். அந்த மாலை முழுக்க அவள் உற்சாகமாக இருந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திருப்பதி ஆபீசிலிருந்து அந்தப் படிவம் திரும்பி வந்தது. கணவர் இங்கே வசிக்கிறாரா என்ற இடத்தில் "இல்லை". இந்த ஒரு வருடத்தில் மாத்திரை போட்டாயா என்ற இடத்தில் "ஆம்". இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டியதாம். லீவில் வந்தாரா என்று கேட்க அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. அதைச் சொல்லிப் பார்த்தோம். ஒருங்கிணைப்பாளர் ஐயா கேட்கவில்லை. "ஒக்கசாரி மல்லி போயி, சரி சேசி ரண்டி அம்மா" என்றார், மறுபடி ஒரு தடவை போய்ச் சரிசெய்து வாருங்கள் என்று.

சுலோச்சனா போக மாட்டேன் என்றாள். ஒரு வீட்டுக்கு சர்வே ஜீப் ஒரு தடவை வந்தால் ஊருக்கு அது வேடிக்கை. அதே வீட்டுக்கு மட்டும் இரண்டாம் தடவை வந்தால், இவள் என்னவோ சொல்லியிருக்கிறாள் என்று ஊர் மோப்பம் பிடிக்கும். அதுவும் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவள் வீடு. "போகாவிட்டால் இங்கேயே 'இல்லை' என்று மாற்றிக் கையெழுத்துப் போடு" என்றார் அவர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுலோச்சனா குரலை உயர்த்தாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். "அவ ஆமாம்னா சார். நான் ஆமாம்னு எழுதினேன். உங்க கம்ப்யூட்டருக்கு நம்பிக்க இல்லன்னா அதுக்கு நான் இன்னா பண்றது? பொய் எழுதணும்னா உங்க பேர்ல எழுதிக்குங்க." அடுத்த நாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. நானும் வருகிறேன் என்று கிளம்பியபோது என்னைத் தடுத்துவிட்டாள். "ரெண்டு பேரும் பூட்டா அந்த மாமியாருங்கள யாருமே வெளிய இட்டுக்கினு போவா?" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அவர் ஆபீசிலிருந்து வேறு இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றி அந்த வீட்டுக்கு அனுப்பினார். பட்டப்பகல். குழாயடியில் கூட்டம். மாமியார் பேட்டி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வாசலில் நின்றபடியே தெலுங்கில் கேட்டார்கள்: போன தடவை வந்த அம்மாவிடம் கர்ப்பம் நிற்காத மாத்திரை போட்டதாகச் சொன்னாயாமே, அது சரியா, தவறா? பக்கத்தில் முறத்தோடு மாமியார். அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள்? "லேது" என்றாள். "லேது" என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். திருத்தம் முடிந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு போய்விட்டது.

ஜீப் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டாளாம். என் பிள்ளைக்குத் தெரியாமல் மாத்திரையா? என் பிள்ளை இல்லாதபோது மாத்திரை எதற்கு? குவைத்துக்குப் போன் போனது. அந்த வீரன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான். தன் கையால் கடையில் வாங்கி, தண்ணீர் மோந்து கொடுத்தவன். அம்மாவிடம் வெட்கமாம். பெண்டாட்டியையும் குழந்தையையும் அன்று மாலையே அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை கட்டிக்கொண்டது. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒரு பெண் நம்மை நம்பி வாயைத் திறந்தாள். நாம் அவளை நடுத்தெருவில் நிறுத்தினோம்.

ஜீப் ஓட்டிய முனிரத்தினம்தான் மனசு கேட்காமல் வந்து இதை சுலோச்சனாவிடம் சொன்னார். மறுநாளே அவள் என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் தாய் வீட்டுக்குப் போய் குவைத் நம்பரை வாங்கிவந்தாள். புத்தூரில் ஒரு ஐ.எஸ்.டி. பூத். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தி என்ன பயன், கடைத்தெருவே கேட்டது. "யோவ், வாங்கினு வந்தது நீயா இல்லயா?" அவன் என்னவோ முனகியிருக்க வேண்டும். "அம்மாகிட்ட சொல்ல வெக்கமா? பண்றப்போ இல்லாத வெக்கம் சொல்றப்போ எங்கிருந்துயா வந்துச்சி? அவ மானம் போய்க்கினு கீது, நீ அங்க ஏசி கார் ஓட்டிக்கினு வெக்கப்பட்டுக்கினு கீறயா? வர வெள்ளிக்கெழமக்குள்ள உங்கம்மாகிட்ட நீயே சொல்றே. இல்லன்னா நீ வாங்கின கடை, நீ குடுத்த மாத்திர, எல்லாத்தையும் உங்க ஊர் கோயில் மைக்ல நான் சொல்றேன்." அவ்வளவு கத்தலிலும் ஒரு பெயர், ஒரு ஊர் அவள் வாயிலிருந்து வரவில்லை. கடைத்தெருவில் யாருக்கும் இது எந்த வீட்டு வழக்கென்று தெரியவில்லை.

அவன் சொல்லிவிட்டான். மாமியார் ஆள் அனுப்பினாள், பழசை மறந்துவிட்டு வரச்சொல்லி. அந்தப் பெண் போகவில்லை. "கேட்டப்போ தெரியாதுன்னாரே, அது எனக்குப் போதும்க்கா" என்றாள். தடா என்ற ஊர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள். குழந்தை அம்மா வீட்டில் வளர்ந்தது.

சர்வே முடிவுகள் வந்து சித்தூரில் கூட்டம் போட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் ஐயா திரையில் படம் காட்டிப் பேசினார். இந்தப் பக்கத்தில் அவசர மாத்திரைப் பழக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றார். ஒரு நர்சம்மா எழுந்து, எங்கள் சுகாதார நிலையத்துக்கு அந்த மாத்திரை வேண்டும், பெண்கள் கேட்டு வருகிறார்கள் என்றார். "தேவை இருப்பதாக டேட்டாவில் இல்லையே அம்மா" என்று சிரித்தார் ஐயா. நான் எழுந்து, இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னார்கள். மாத்திரை இல்லாமல் போனவர்கள் அதன் பிறகு எந்த நாட்டு மருந்தைத் தின்றார்கள், எந்த மருத்துவச்சியிடம் போனார்கள் என்று யாரும் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.

சுலோச்சனா திருச்சானூரில் ஒரு லாட்ஜில் சேர்ந்தாள். ரூம் சாவி கொடுப்பது, பக்தர்களோடு சண்டை போடுவது. சண்டை அவளுக்குப் பிடித்த வேலைதான். சில வருடம் கழித்து அடுத்த சர்வே வந்தபோது நான் அந்தப் பெண்ணின் தாய் வீட்டில் ஆட்களின் பெயர் எழுதினேன். இங்கே குடியிருப்பவள் இல்லை, தடாவில் இருக்கிறாள் என்றார்கள், விட்டுவிட வேண்டியதாயிற்று. தடாப் பக்கம் சர்வே எழுதியவர்களைக் கேட்டால் விடுதி என்பது வீடு ஆகாது, சர்வேயில் சேராது என்றார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் அத்தனை பெண்களும், கல்யாணம் ஆனவளும் ஆகாதவளும், இப்படியே இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போனார்கள். நான் லாட்ஜுக்குப் போய் இதைச் சொன்னபோது சுலோச்சனா கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜையில் அடித்தாள். "ஒருத்தி வாயத் தொறந்து உண்மைய சொன்னா. அவள ஊட்ட உட்டும் தொரத்திட்டீங்க, கணக்க உட்டும் தொரத்திட்டீங்களேமே" என்றாள். சாவி வாங்க நின்ற பக்தர் பயந்துபோய் எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டார்.

சாவுக்குப் போவதற்கு முன் தடாவுக்குப் போன் செய்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். "அக்காவக் கடைசியா ஒரு தபா பாக்கணும்க்கா. ஆனா நீ யாரு, எப்டித் தெரியும்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். இவ்வளவு வருடம் ஆன பிறகும், தனக்காகச் சண்டை போட்டவளின் பிணத்தைப் பார்க்க வர அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "நீ வா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வந்தாள். பஸ் பிடித்து வியர்க்க விறுவிறுக்க வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அங்கே இருந்த எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். உறவுக்காரப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "யாருமே இவ?" என்று ஒரு கிழவி என் காதருகே கேட்டாள். "என் தங்கச்சி" என்றேன். பாடை எடுத்ததும் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

தமயந்தி மட்டும் விடவில்லை. எல்லாம் முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு அத்தே அவங்க? உங்களுக்கு ஏது தங்கச்சி? அம்மா ஒரு நாளும் சொன்னதே இல்லையே" என்றாள். வாய் ஓயாத சுலோச்சனா, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல்தான் போயிருக்கிறாள். அவளிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் பெயரும் வீடும்தான். இப்போது அவற்றைக் காப்பது என் ஒருத்தியின் பொறுப்பு. தமயந்தியின் தலையைத் துவட்டிவிட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.